"கடனாளிகளுக்கு" என்ற வரியில் நின்றுபோன ஜெபம்

எங்கள் சபை வடசென்னையில், தண்டையார்பேட்டைப் பக்கம் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சபைக் கமிட்டியிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் பல வருடங்களாக இருக்கிறேன். 2024 நவம்பரில் தொடங்கி 2025 டிசம்பர் வரை எங்கள் நடுவே நடந்த ஒரு விஷயத்தை, சீட்டுப் பணத்தை இழந்த ஒரு சகோதரிக்கும் அந்தச் சீட்டைப் பிடித்துவிட்டு ஓடிப்போன இன்னொருவருக்கும் நடுவே நடந்ததை, இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களுக்கும் இதை வாசித்துக் காட்டினேன், இருவரும் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் நான் வெளியே நின்று பார்த்தவள் மட்டும் இல்லை. அந்தச் சகோதரிக்குப் பட்ட காயத்தில் ஒரு பங்கு என் வாயிலிருந்து வந்தது. இதை எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான்.

பின்னணி

பணத்தை இழந்தவரை "இட்லிக்கடை சகோதரி" என்று குறிப்பிடுகிறேன். வயது 44. வீட்டு வாசலிலேயே காலை நேரக் கடை. நான்கு மணிக்கு அடுப்பு பற்ற வைப்பார், பத்து மணிக்குள் பாத்திரம் கழுவி முடித்துவிடுவார். கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுநர். எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் ஓரிரு இரவுகள் வண்டியிலேயே படுத்துவிட்டுத்தான் வருவார். மகள் நர்சிங் படிக்கிறாள், மகன் பத்தாம் வகுப்பு.

சீட்டுப் பிடித்தவர் அதே தெருவில் நான்கு வீடு தள்ளி, மாடி வீட்டில் இருந்தவர். வயது 51. ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. இட்லிக்கடை சகோதரியின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவர் இவர்தான். அதனால் "ஞானத்தாய்" என்றே குறிப்பிடுகிறேன். இருவரும் இருபது வருடமாக ஆலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருவர் வரவில்லை என்றால் இன்னொருவரிடம்தான் நாங்கள் காரணம் கேட்போம்.

சீட்டு 2023 ஜூனில் தொடங்கியது. இருபது பேர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய், இருபது மாதம். இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம் ஏலம். யார் அதிகமாகத் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு, தள்ளின தொகை கழிவாக எல்லோருக்கும் பிரியும். அவசரம் இல்லாதவர்கள் கடைசிவரை காத்திருந்தால் ஏறக்குறைய முழுத் தொகையும் கைக்கு வரும். சகோதரி அப்படித்தான் காத்திருந்தார். மகளின் கடைசி வருடக் கட்டணத்துக்கான பணம் அது. பதினேழு மாதத்தில், கழிவு போக, அவர் கட்டியது 1,42,500 ரூபாய். பால் கணக்கு எழுதும் நோட்டில் தேதி போட்டு வைத்திருந்தார்.

1982-ஆம் வருடச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக் கூடாது. எங்கள் தெருக்களில் அதை யாரும் கேட்பதில்லை. "நம்ம ஆளு" என்பதுதான் இங்கே பதிவு.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இட்லிக்கடை சகோதரியின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நான்கு நாள் அந்தக் குடும்பம் முழுவதையும் தன் மாடியில் வைத்துக்கொண்டவர் ஞானத்தாய். கரண்ட் இல்லை, கேஸ் தீரப்போகிறது. அந்த நிலையிலும் கஞ்சி காய்ச்சி முதலில் பிள்ளைகளுக்கு ஊற்றினார். பிற்பாடு சகோதரி என்னிடம் அதிகம் அழுதது பணத்தைச் சொல்லி இல்லை, இந்த நான்கு நாட்களைச் சொல்லித்தான்.

நடந்தது

2024 நவம்பர் 10, ஞாயிறு. ஆராதனைக்கு ஞானத்தாய் வரவில்லை. மதியம் ஏலத்துக்குப் போனவர்கள் பூட்டிய கதவைப் பார்த்தார்கள். போன் சுவிட்ச் ஆஃப். கணவர், மகன் யாரும் இல்லை. முந்தின நாள் இரவே ஒரு ஆட்டோவில் இரண்டு பைகளோடு போனதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். இந்தச் சீட்டில் மூன்று பேர், அவர் நடத்திய இன்னொரு சிறிய சீட்டில் மூன்று பேர், ஆக ஆறு பேருக்குப் பணம் நின்றது.

அன்று மாலை இட்லிக்கடை சகோதரி பூட்டிய வீட்டின் முன்னால் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். "என் புள்ள படிப்புல மண்ணப் போட்டியே, நீ நல்லா இருப்பியா" என்று கத்தினார். அதற்கு மேல் சொன்னதையும் நான் கேட்டேன், அதை எழுதவில்லை. மண்ணை வாரித் தூற்றுவது எங்கள் ஊரில் சும்மா கோபத்தில் செய்கிற காரியம் இல்லை, அது சாபம். செய்தவருக்கும் அது தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும்.

முதல் மூன்று வாரம்: எங்கள் தவறு

மூன்றாம் நாள் நானும் சங்கத்தைச் சேர்ந்த இன்னொருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். ஜெபித்தோம். ஜெபித்து முடித்ததும் நான் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்க, "ஏழெழுபதுதரமட்டும்" என்று ஆண்டவர் சொல்கிற இடம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ மன்னித்துவிடு, மனசு லேசாகும்" என்று சொன்னேன். மூன்றாம் நாள் அது. அடகுக்கடையில் நகையை வைத்து மகளின் கட்டணத்தைக் கட்டிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "டீச்சர், மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டா அப்புறம் பணத்தக் கேக்கக் கூடாதா?"

என்னிடம் பதில் இல்லை. ஆண்டவர் வழி திறப்பார் என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் கமிட்டியில் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, போலீசுக்குப் போனால் சபையின் பெயர் கெடும், விசுவாசி விசுவாசியின்மேல் வழக்குக்குப் போகக் கூடாது என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார் என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. ஆனால் சகோதரிக்குக் கிடைத்த செய்தி ஒன்றுதான்: ஓடிப்போனவரை யாரும் எதுவும் கேட்கவில்லை, ஏமாந்தவர் வீட்டுக்குத்தான் வேதாகமத்தோடு ஆள் வருகிறது.

கவனித்தவை

டிசம்பர் முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனை. நான் அவருக்கு ஒரு பெஞ்ச் பின்னால் இருந்தேன். கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வரி வந்ததும் அவர் குரல் நின்றது. அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொண்டார். நற்கருணைக்கு எழுந்து போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. ஜனவரி வரை கவனித்தேன், ஒரு வாரம்கூட அந்த வரியை அவர் சொல்லவில்லை.

நம் புராட்டஸ்டன்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வரி "கடனாளிகள்" என்றே இருக்கிறது. கத்தோலிக்கர் சொல்லும் ஜெபத்தில் அதே இடத்தில் "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்று வரும். சகோதரியின் பக்கத்து வீட்டில் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் கத்தோலிக்க அம்மா ஒருவர் இருக்கிறார். "அவங்க சொல்ற மாதிரி இருந்தா நான் சொல்லிடுவேன் டீச்சர். பொறுத்துக்கறது எனக்குத் தெரியும். கடனாளின்னு வரும்போது எனக்கு நோட்டுப் புத்தகம்தான் கண்ணுல வருது" என்று சகோதரி பிறகு ஒருநாள் சொன்னார். நாற்பது வருடமாக அந்த ஜெபத்தைச் சொல்லி வருகிறேன். அந்தச் சொல்லுக்கு நேராக நின்று நான் யோசித்ததில்லை.

தூக்கம் போய்விட்டது, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. கடையில் யாராவது கடன் சொன்னால் முகம் மாறியது. மகள் ஞானத்தாயின் பெயர் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவாள். கணவர் அந்தப் பெயரையே எடுப்பதில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமாக இருந்தது பயம். ஜனவரிக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. ஞானத்தாயின் கணவருக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று. அன்று இரவு சகோதரி எனக்குப் போன் செய்து, "நான் மண்ணு தூத்துனதாலயா?" என்று கேட்டார். அந்த மனிதருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி அது இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. பணத்தையும் இழந்து, தான் ஒரு கொடியவளாகிவிட்டோமோ என்ற பயத்தையும் அவர் சுமந்துகொண்டிருந்தார். அதில் ஒரு பகுதியை ஏற்றி வைத்தவள் நான்.

தீர்மானங்களும் காரணங்களும்

பிப்ரவரி முதல் வாரம் எங்கள் சபைப் போதகரான ஆயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசவில்லை. "முதலில் நீங்கள் போய் உங்கள் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

போனேன். "அன்றைக்கு நான் அவசரப்பட்டேன், என்னை மன்னித்துவிடு" என்று சொன்னேன். மன்னிப்பைப் பற்றிப் போதிக்கப் போன இடத்தில் மன்னிப்பு கேட்டு நின்றது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் காபி போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் உண்மையில் பேச ஆரம்பித்தோம்.

அப்புறம் மத்தேயு 18-ஐ முதலிலிருந்து வாசித்தேன். நான் எடுத்த வசனம் 22. அதற்கு முன்பே 15 முதல் 17 வரையுள்ள வசனங்களில், சகோதரன் குற்றம் செய்தால் அவனிடம் தனியே போய் அவன் குற்றத்தை உணர்த்து, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, பிறகு சபைக்குச் சொல் என்று இருக்கிறது. அந்த வேலை சபையுடையது. அதைத் தாண்டிப் போய், ஏமாந்தவர் செய்ய வேண்டியதை மட்டும் அவர் தலையில் வைத்திருந்தோம். கொரிந்தியருக்கு எழுதியதும் அப்படித்தான். வழக்கைத் தீர்த்து வைக்க உங்களுக்குள் ஒரு விவேகி கூட இல்லையா என்று அதே இடத்தில் பவுல் கேட்கிறார். தீர்த்து வைக்காத சபைக்கு அந்த வசனத்தை எடுக்க உரிமை இல்லை என்று கமிட்டியில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இரண்டு கூட்டம் இதிலேயே போனது.

கடைசியில் கமிட்டி ஒத்துக்கொண்டது இதுதான்: ஆறு பேரும் புகார் கொடுப்பதைச் சபை தடுக்காது, கூட ஒருவரை அனுப்பும். போலீசில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினார்கள். அதோடு இலவச சட்ட உதவிக்கும் போனோம். பெண்கள் என்றால் வருமான வரம்பு பார்க்காமலேயே இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இடம் தருகிறது. எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. கொடுத்த பணத்தைக் கேட்டு உரிமையியல் வழக்குப் போட மூன்று வருடம்தான் காலக்கெடு என்று அங்கே சொன்னார்கள். "ஜெபித்துக்கொண்டு காத்திரு" என்று நாங்கள் சொல்லிக்கொண்டே போயிருந்தால் அந்தக் கதவும் மூடியிருக்கும்.

சகோதரிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. புகார் கொடுத்த கையால் எப்படி ஞானத்தாய்க்காக ஜெபிப்பது? நான் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவருடைய கணவரையும் இரண்டு சின்ன மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாக அந்த அம்மா வெளிப்படையாகச் சொன்னார், தொழுநோயாளிகளுக்கான பணியையும் விடவில்லை. ஆனால் வழக்கு நடந்தது, 2003-இல் தண்டனை வந்தது. மன்னிப்பதும் நீதி நடப்பதும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளவில்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட நாளில், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதையும் வாசித்தோம். திருப்பித் தா என்று கேட்பது ஞானத்தாய்க்கும் நன்மைதான் என்று சகோதரி அதிலிருந்து தானே சொன்னார்.

ஜெபத்தைப் பற்றி எடுத்த தீர்மானம் மிகச் சிறியது. மன்னித்துவிட்டாயா என்று யாரும் இனிமேல் அவரைக் கேட்பதில்லை. முதலில் வேதாகமத்தின் 55-ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசித்தோம். என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன், என் தோழனாகிய நீயே அவன், நாம் கூட்டத்தோடே தேவாலயத்துக்குப் போனோமே என்று தாவீது அழுகிற சங்கீதம் அது. "இது எங்க கதைதான்" என்று அவர் சொல்லிவிட்டு, நிறுத்த முடியாமல் அழுதார். அந்தச் சங்கீதத்தில் சாபமும் இருக்கிறது. அதையும் விடாமல் வாசித்தோம். தெருவில் நின்று கொட்டியதை ஆண்டவர் முன்னால் கொட்டுவதற்கு வேதாகமத்தில் இடம் இருக்கிறது என்று தெரிந்தது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

2025-இல் சாம்பல் புதன் மார்ச் 5. அன்றிலிருந்து ஈஸ்டர் வரையுள்ள நோன்புக் காலமான லெந்து நாட்கள் முழுவதும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாக்கியம் ஞானத்தாய்க்காக ஜெபிக்கலாமா என்று கேட்டேன். என்ன வாக்கியம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே சொன்னார். காலையில் முதல் ஈடு இட்லியை இறக்கும்போது, "ஆண்டவரே, அவங்க எங்க இருந்தாலும் சாப்ட்டாங்களான்னு பாத்துக்கோ." அவ்வளவுதான். மன்னிக்கிறேன் என்ற சொல் அதில் இல்லை, நல்லா இருக்கட்டும் என்றுகூட இல்லை. பசிக்கக் கூடாது என்பது மட்டும்தான். நான் எழுதிக் கொடுத்திருந்தால் நீளமாக, பொய்யாக எழுதியிருப்பேன்.

தொடர்ந்து நடந்தவை

எல்லா நாளும் அது வரவில்லை. மார்ச் நடுவில் அடகுக்கடை வட்டி கட்டிய வாரம் முழுவதும் வாயே வரவில்லை என்றார். சரி, விட்டுவிடு, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மகள், "அவங்களுக்காக நீ எதுக்கு ஜெபிக்கணும்?" என்று சண்டை போட்டாள். சகோதரி அவளைச் சேரச் சொல்லவில்லை. இது நல்ல முடிவு என்று நினைக்கிறேன். பிள்ளைக்குத் தன் கோபத்தை வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை சிலுவையின் ஏழு வார்த்தைகள் தியானம். முதல் வார்த்தையை அந்த வருடம் என்னிடம் கொடுத்திருந்தார்கள்: "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." பல தடவை கேட்ட வார்த்தை. இந்த வருடம்தான் எனக்கு ஒன்று பட்டது. ஆண்டவர் அந்த இடத்தில் "நான் உங்களை மன்னிக்கிறேன்" என்று சேவகர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. பிதாவைப் பார்த்துக் கேட்கிறார். ஆணி கையில் இருக்கும்போதே, வலி ஆறுவதற்கு முன்பே, அது ஒரு ஜெபமாகத்தான் வருகிறது. கல்லெறியப்பட்ட ஸ்தேவானும் அப்படித்தான், இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்தாதிரும் என்று ஆண்டவரிடம் கேட்டார். மனசு ஆறிய பிறகுதான் ஜெபிக்க வேண்டும் என்று நாமாக வரிசை வைத்துக்கொண்டோம். ஆறாத மனசோடு பிதாவிடம் கேட்பதற்கு இடம் இருக்கிறது. இதைத்தான் பேசினேன். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

அன்று சகோதரி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஈஸ்டர் அன்று நற்கருணைக்கு எழுந்து வந்தார். ஐந்து மாதம் கழித்து. காரணம் நான் கேட்கவில்லை.

மே கடைசியில் ஞானத்தாய் ஆயருக்குப் போன் செய்தார். அரக்கோணம் பக்கம் தங்கை வீட்டில் இருந்திருக்கிறார். போலீசிலிருந்து கூப்பிட்டதும் ஒரு காரணம் என்று அவரே ஒத்துக்கொண்டார். ஜூனில் ஆலயத்தின் பக்கத்து அறையில் சந்திப்பு. முதலில் ஆயரும் நானும் மட்டும் அவரோடு பேசினோம். பிறகுதான் ஆறு பேரையும் கூப்பிட்டோம். வர விருப்பம் இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம், ஒருவர் வரவில்லை.

அங்கேதான் முழு விவரமும் தெரிந்தது. தொடக்கத்திலேயே சீட்டை எடுத்த நான்கு பேர் அதற்குப் பிறகு பணம் கட்டவில்லை. அதை வெளியே சொன்னால் சீட்டு உடைந்துவிடும் என்று பயந்து, மாதம் பத்து வட்டிக்கு வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் வாசலில் நான்கு பேர் வந்து நிற்கும்போது எந்தச் சட்டமும் ஞாபகம் வராது. கணவரின் வைத்தியமும் சேர்ந்துகொள்ள, ஓடிவிட்டார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு சோதனை வந்தது. பதினாயிரம் தாலந்து என்ற பெருங்கடன் மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணக் கடன்காரனின் கழுத்தைப் பிடித்த உவமை நாக்கு நுனிவரை வந்தது. பேசவில்லை. ஒரு நாள் கூலி ஒரு வெள்ளிப்பணம் என்றால் நூறு நாள் உழைப்பு அது, எனக்கு எதிரே இருந்தவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. சகோதரிதான் முதலில் பேசினார். "வெள்ளத்துல எங்களுக்குக் கஞ்சி ஊத்துனீங்களே அக்கா. அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாங்க என்ன செஞ்சிருப்போம்?" ஞானத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டே, "தப்பு பண்ணிட்டேன்" என்றார். விளக்கம் எதையும் அதோடு ஒட்டவில்லை. அதை நான் கவனித்தேன்.

ஆளுக்கு முதலில் 5,000, பிறகு மாதம் 1,500 என்று பேசி முடித்தார்கள். அவருடைய சம்பளத்தில் ஆறு பேருக்கு 9,000 என்பதே அதிகம். வாய்ப்பேச்சாக விடாமல், செப்டம்பரில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகப் பதிவு செய்தோம். அதற்குக் கட்டணம் இல்லை, அந்தத் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. சந்திப்பின் முடிவில் கட்டிப்பிடித்து அழுகிற காட்சி எதுவும் நடக்கவில்லை. அப்படி நடக்கும்படி நாங்கள் யாரையும் தள்ளவும் இல்லை.

இன்றைய நிலை

2025 டிசம்பர் வரை இட்லிக்கடை சகோதரிக்கு வந்தது 12,500 ரூபாய். அக்டோபர்த் தவணை வரவில்லை, கணவரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இன்னும் 1,30,000 பாக்கி. இந்தக் கணக்கில் போனால் முடிய ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். பணம் கடையின் கியூஆர் கணக்குக்கே வருகிறது. அங்கே இருக்கும் ஒலிப்பெட்டி "ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லும்போது வாடிக்கையாளர்களுக்கு எதுவும் தெரியாது. சகோதரி மட்டும் ஒரு நிமிடம் கரண்டியை நிறுத்துவார். நான் பார்த்திருக்கிறேன்.

நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. மகள் படிப்பை முடித்துவிட்டாள். ஞானத்தாய் வேறு தெருவில் வாடகைக்கு வந்திருக்கிறார், ஆலயத்துக்கு மாதம் ஒன்றிரண்டு தடவை வருகிறார், பின்னால் உட்காருகிறார். இருவரும் ஒரே பெஞ்சில் இல்லை. எதிரே பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்கிறார்கள். பழையபடி ஆக வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. சகோதரி இனி அவரிடம் பணம் கொடுத்து வைக்கப்போவதில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார், ஞானத்தாயும் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டார்.

காலை ஜெபம் தொடர்கிறது. வாக்கியம் மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கிறது, இப்போது அதில் அவருடைய கணவரின் காலும் இருக்கிறது. ஆலயத்தில் அந்த வரியைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "சில ஞாயிறு வருது டீச்சர், சில ஞாயிறு வரல. வரலன்னா பக்கத்துல இருக்கறவங்க சொல்றாங்கல்ல, அதுல நின்னுக்கறேன்" என்றார்.

எதை மாற்றுகிறோம்

இப்படி ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது மன்னிப்பைப் பற்றிய வசனம் எடுப்பதில்லை என்று சங்கத்தில் முடிவு செய்திருக்கிறோம். முதலில் கேட்பது, என்ன நடந்தது, இந்த வாரச் செலவுக்கு என்ன வழி, கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்பவைதான். சகோதரியின் பால் நோட்டு இல்லாவிட்டால் சமரசப் பேச்சில் நாங்கள் தடுமாறியிருப்போம்.

புகார் கொடுக்காதே என்று கமிட்டியில் யாரும் தனியாகப் போய்ச் சொல்லக் கூடாது. குற்றம் செய்தவரைத் தேடிப் போய் முகத்துக்கு நேராகப் பேசும் பொறுப்பு ஆயரோடு இருவருக்கு. இதை மூன்றாம் வாரத்திலேயே செய்திருந்தால், ஞானத்தாய் தங்கை வீட்டில் இருந்ததைக் கண்டுபிடித்திருக்க முடியும். தங்கையின் ஊர் எங்களில் இரண்டு பேருக்குத் தெரியும், யாரும் போகவில்லை. வட்டிக்காரர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றவும் அது உதவியிருக்கும். ஆலய வளாகத்தில் சீட்டுப் பணம் வாங்குவதையும் நிறுத்தச் சொல்லி அறிவித்திருக்கிறோம். தெருவில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் இப்போது ஐந்து நிமிடம் மௌனமாக விடுகிறோம். நம்மை வேதனைப்படுத்தியவர்களின் பெயரை மனதுக்குள் மட்டும் சொல்வதற்கு. சாட்சி சொல்லச் சொல்வதில்லை. பெயர் வராவிட்டால் 55-ஆம் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் ஏழு பேர் உட்கார்ந்தார்கள், இப்போது இருபது பேருக்கு மேல்.

சகோதரியின் கணவர் இதுவரை ஒருநாளும் வரவில்லை. வண்டி இல்லாத புதன்கிழமைகளில் மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வாருங்கள் என்று நாங்கள் அவரைக் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் டீ மட்டும் வெளியே கொண்டுபோய்க் கொடுக்கிறோம், வாங்கிக்கொள்கிறார்.